ஹைபிரிட் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்: ஐந்து பேர் உள்ள வீட்டுக்குச் சரிப்படுமா?

புதுமனை:
வீட்டில் ஐந்து பேர், இரண்டு குளியலறை. இப்போது ஒவ்வொரு குளியலறையிலும் காயில் (மின்சாரத்தில் சூடாகும் கம்பிச்சுருள்) போட்ட சாதாரண கீசர் ஓடுகிறது. கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் இரண்டு கீசருக்குப் பதிலாக ஹீட் பம்ப்பும் காயிலும் சேர்ந்த ஒரே ஹைபிரிட் டாங்க் வைத்து, சமையலறைக்கும் அங்கிருந்தே வெந்நீர் கொண்டுபோகலாம் என்று யோசனை. மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மிச்சம் என்று விளம்பரம் சொல்கிறது. தெரிந்த ஒருவரோ, கம்ப்ரசர் போனால் தலைவலி, பழைய கீசரே போதும் என்கிறார். வைக்க இடம் இருப்பது வாஷிங் மெஷின் அறையில்தான். அது 2 மீட்டருக்கு 2.5 மீட்டர், உயரம் 2.7 மீட்டர். 200 லிட்டரா 300 லிட்டரா என்பதும் குழப்பம். பயன்படுத்துகிறவர்களும் பொருத்துகிறவர்களும் சொல்லுங்கள்.

மின்கணக்கு:
வாங்குங்கள். இதில் தயங்க ஒன்றுமில்லை.

காயில் கீசர் ஒரு யூனிட் மின்சாரம் வாங்கி ஒரு யூனிட் வெப்பம்தான் தரும். எவ்வளவு உயர்ந்த மாடலாக இருந்தாலும் அதற்கு மேல் போகாது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, சுற்றியுள்ள காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. ஃபிரிட்ஜ் தன் வயிற்றுச் சூட்டை முதுகுப் பக்கம் தள்ளுகிற அதே வேலைதான். அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவுக்கு வெப்பம் கிடைக்கிறது. இந்த விகிதத்தைத்தான் சிஓபி என்கிறார்கள்.

கணக்கும் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். ஐந்து பேருக்கு நாளுக்கு 200 லிட்டர், 30 டிகிரி ஏற்றம் என்று வையுங்கள். 7 யூனிட் வருகிறது. சிஓபி 3 என்றால் அதே வேலை 2.3 யூனிட்டில் முடியும். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,700 யூனிட் மிச்சம். இதை விட்டுவிட்டுக் காயிலை மாட்டுவது எனக்குப் புரியவே இல்லை.

குழாய்க்காரர்:
பெருக்கல் சரிதான் சார். ஆனால் அந்த 30 டிகிரியை எங்கிருந்து எடுத்தீர்கள்? குழாயில் வரும் தண்ணீரே 28 டிகிரி இருக்கும் இடத்தில் குளிக்க 40 போதும். ஏற்றம் 12 டிகிரிதான். ஹீட் பம்ப் மிக நன்றாக ஓடுவது காற்று சூடாக இருக்கும் மாதங்களில், அந்த மாதங்களில்தான் யாருக்கும் வெந்நீர் அதிகம் வேண்டியதில்லை. குளிர் வந்து தேவை கூடும்போது சிஓபி இறங்கும். விளம்பரத்தில் வரும் எண்ணை வருஷம் முழுக்க நீட்டிப் பார்க்கக் கூடாது.

அப்புறம் பெரிய டாங்க் சும்மா நின்றாலே சூடு வெளியேறும். நாளுக்கு ஒன்றிரண்டு யூனிட் அளவு வெப்பம் போகலாம். குளிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, குளித்ததும் அணைக்கிற 15 லிட்டர் கீசரில் அந்த நஷ்டம் ஏறக்குறைய இல்லை. இன்னொன்று, டாங்கை ஒரு மூலையில் வைத்துவிட்டு 12 மீட்டர் குழாய் இழுத்தால், 15 மில்லிமீட்டர் குழாய்க்குள் மட்டும் 2 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த 2 லிட்டர் பச்சைத்தண்ணீர் வீணாகப் போகும், மூடியதும் 2 லிட்டர் வெந்நீர் குழாயிலேயே ஆறிப்போகும். கையைக் கழுவத் திறந்தாலும் இதே கதைதான்.

மின்கணக்கு:
நீங்கள் சொல்லும் 12 டிகிரியையே எடுத்துக்கொள்கிறேன். 200 லிட்டருக்கு 2.8 யூனிட் வெப்பம். டாங்கிலிருந்து வெளியேறுவது 1.5 என்று சேர்த்தால் 4.3. சூடான காற்றில் சிஓபி 3.5 வைத்தால் மின்சாரம் 1.2 யூனிட்தான் செலவு. காயிலுக்கு 2.8. டாங்க் நஷ்டத்தையும் ஹீட் பம்ப்தான் ஈடுகட்டுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. மிச்சம் சுருங்குகிறது, காணாமல் போகவில்லை.

குழாய்க்காரர்:
நாளுக்கு 1.6 யூனிட் மிச்சம். அதை வைத்து விலை வித்தியாசத்தை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று புதுமனை தன் ஊர் மின்கட்டணத்தைப் போட்டுப் பார்க்கட்டும். இரண்டே பேர் இருக்கிற வீட்டுக்கு இதை வாங்காதீர்கள் என்று நேரடியாகவே சொல்லிவிடுவேன். ஐந்து பேர் என்பதால்தான் பேசவே செய்கிறேன்.

பனிமூட்டம்:
நான் குளிர் அதிகமான இடத்தில் இருக்கிறேன், எங்கள் வீட்டில் இது ஓடுகிறது. ஒரு விஷயத்தை இருவருமே தொடவில்லை. குளிர்காலத்தில் வீட்டுக்குள் ரூம் ஹீட்டர் ஓடும்போது, ஹீட் பம்ப் உறிஞ்சும் வெப்பம் அந்த ரூம் ஹீட்டர் தந்ததுதான். ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது. கோடையில் நிலைமை தலைகீழ், அந்த அறை குளிர்ந்து ஈரப்பதமும் குறைகிறது. துணி உலர்த்தும் அறைக்கு அது நல்லதே.

உங்கள் அறை அளவுதான் எனக்குக் கவலை. அமெரிக்க எரிசக்தித் துறை இந்த வகை ஹீட்டரைச் சுற்றி குறைந்தது 1,000 கன அடி, அதாவது 28 கன மீட்டர் காற்று வேண்டும் என்கிறது. இடம் ஆண்டு முழுக்க 4 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உங்களுடையது 13.5 கன மீட்டர். கதவை மூடிவிட்டால் தான் வெளியே தள்ளிய குளிர்ந்த காற்றையே அது திரும்ப உறிஞ்சும். சிஓபி சரியும், காயில் ஓட ஆரம்பிக்கும், நீங்கள் அதிக விலை கொடுத்து வாங்கிய சாதாரண கீசர் ஆகிவிடும். மேலும் கீழும் காற்று போய்வரும் இடைவெளிப் பலகை வைத்த கதவு போடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த காற்றை டக்ட் வழியாக வெளியே விடுங்கள். சத்தம் மாடலைப் பொறுத்து 45 முதல் 55 டெசிபல் இருக்கும். பக்கத்துச் சுவரில் படுக்கையறை இருந்தால் இப்போதே யோசியுங்கள்.

புதுமனை:
கதவை இன்னும் செய்யக் கொடுக்கவில்லை, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். படுக்கையறை அந்தப் பக்கம் இல்லை. 200, 300 பற்றி?

மின்கணக்கு:
300. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்.

இந்த வகை கம்ப்ரசர் சுமார் 500 வாட் மின்சாரம் எடுத்து 1,500 வாட் அளவுக்கு வெப்பம் தரும். 7 யூனிட் வெப்பம் ஏற்ற நாலரை மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 3,000 வாட் காயில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அதனால் ஆட்டோ பயன்முறையில் விட்டால், காலையில் வரிசையாக நாலு பேர் குளித்ததும் கம்ப்ரசர் தாக்குப்பிடிக்காது என்று கருவியே காயிலைப் போட்டுவிடும். அந்த 7 யூனிட்டில் 40 சதவீதம் காயிலிலிருந்து வந்தால் 2.8 யூனிட் அதற்கே போகும், மீதி 4.2 யூனிட் வெப்பத்துக்குக் கம்ப்ரசர் 1.4 எடுக்கும். மொத்தம் 4.2. சிஓபி 3 என்று நினைத்து வாங்கியது 1.67 ஆகிவிடும்.

டாங்க் பெரிதாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது. 55 டிகிரியில் சேமித்த ஒரு லிட்டரை 20 டிகிரி தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் 1.75 லிட்டர் கிடைக்கும். டாங்கில் முக்கால் பங்குதான் நல்ல சூட்டில் வெளியே வரும் என்று வைத்தால், 200 லிட்டர் டாங்க் 262 லிட்டர் குளியல் நீர் தரும். ஐந்து பேர் ஆளுக்கு 50 லிட்டர் என்றால் அதோடு தீர்ந்தது, பாத்திரம் கழுவ ஒன்றுமில்லை. 300 லிட்டரில் 394 வரும். அதை ஹீட் பம்ப் மட்டும் பயன்முறையில் வைத்து, நண்பகலில் ஓடும்படி டைமர் போடுங்கள். காற்று சூடாக இருக்கும் நேரம் அது, சோலார் இருந்தால் 500 வாட்டை அதுவே தாங்கிக்கொள்ளும்.

குழாய்க்காரர்:
300 லிட்டர் நிறைந்தால் தண்ணீரே 300 கிலோ. டாங்கையும் சேர்த்தால் 400 கிலோவை நெருங்கும். தரைத்தளம் இல்லையென்றால் இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். பெரிய டாங்கில் நஷ்டமும் கூடுதல். ஆனால் வாங்குவது என்று முடிவாகிவிட்டால் நானும் 300 பக்கம்தான், காயில் ஓடாமல் இருப்பது முக்கியம்.

ரிப்பேரைப் பற்றி மின்கணக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. காயில் கீசரில் காயில் போகும், தெர்மோஸ்டாட் போகும், அரை மணி நேர வேலை, யார் வேண்டுமானாலும் செய்வார்கள். இதில் கேஸ் லைன், அதாவது கம்ப்ரசரின் குளிர்பதன வாயு ஓடும் குழாய், கசிந்தால் குழாய் வேலை செய்கிறவன் கைவைக்க முடியாது, ஏசி மெக்கானிக் வேண்டும். அவர் வந்து பார்த்து, டாங்க் என் வேலை இல்லை என்பார். நடுவில் வீட்டுக்காரர் வெந்நீர் இல்லாமல் நிற்பார். எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் கோபம் இல்லை. பாகமும் ஆளும் பக்கத்தில் கிடைக்காத இடத்தில் இதைத் தலையில் கட்டிவிட்டுப் போகிறவர்கள் மேல்தான் கோபம்.

மின்கணக்கு:
கம்ப்ரசர் நின்றாலும் காயில் இருக்கிறதே? ஹைபிரிட் வாங்குவதே அதற்காகத்தானே. வெந்நீர் ஒரு நாள்கூட நிற்காது.

குழாய்க்காரர்:
நான் பயப்படுவதே அதற்குத்தான் சார். வெந்நீர் வந்துகொண்டே இருப்பதால் கம்ப்ரசர் செத்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பில் வந்த பிறகும் பலர் வேறு எதையோ சந்தேகப்படுவார்கள். வாங்குகிறவர்கள் இந்த ஒரு லைனுக்கு மட்டும் தனியாக ஒரு சின்ன மின்மானி போட்டுக்கொள்ள வேண்டும். நாளுக்கு எவ்வளவு எடுக்கிறது என்று அவ்வப்போது பார்த்தால் போதும்.

மின்கணக்கு:
இது நல்ல யோசனை, மறுப்பே இல்லை. இன்னொன்றும் சேர்க்கிறேன். டாங்க் வெப்பநிலையை 48 டிகிரியில் வையுங்கள். தண்ணீர் எவ்வளவு குறைந்த சூட்டில் இருக்கிறதோ அவ்வளவு சிஓபி கூடும்.

நீர்ச்சோதனை:
இதை மட்டும் தயவுசெய்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர்ப் பரிசோதனை என் தொழில் என்பதால் இங்கே குறுக்கிடுகிறேன். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். அதன் நுண்துளிகளை ஷவரில் மூச்சோடு இழுத்தால் கடுமையான நிமோனியா வரலாம். வயதானவர்களுக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் உயிராபத்து. 48 டிகிரி என்று திரையில் காட்டினாலும் டாங்கின் அடிப்பகுதி அதைவிட ஆறியிருக்கும். உலக சுகாதார நிறுவனம் வெந்நீரை 60 டிகிரியில் சேமிக்கச் சொல்வது இதனால்தான்.

60 டிகிரியில் வைத்தால் குழாயில் நேராக அதே சூட்டில் விடக் கூடாது. அந்தச் சூட்டில் சில விநாடிகளில் தோல் வெந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். டாங்கின் வெளிவாயிலில் வெப்பநிலையைத் தானாகச் சரிசெய்யும் கலப்பு வால்வு பொருத்துங்கள். தினமும் 60 வேண்டாம் என்றால், வாரம் ஒருமுறை தானாக 60க்கு ஏற்றும் வசதி உள்ள மாடலாகப் பாருங்கள். அந்த வேலைக்குக் காயில் ஓடினால் ஓடட்டும்.

மின்கணக்கு:
வாரம் ஒருமுறை 60, மற்ற நாள் 50 முதல் 55 என்றால் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் தினமும் 60 வைத்தால் ஹீட் பம்ப் வாங்கியதன் பலனில் ஒரு பகுதி போகும், அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யட்டும்.

நீர்ச்சோதனை:
வீட்டில் முதியவர் இருந்தால் நான் தினமும் 60தான் சொல்வேன். அந்தச் சில யூனிட்டுக்காகப் பேரம் பேச மாட்டேன்.

பனிமூட்டம்:
குளிர்பதன வாயு எது என்றும் பாருங்கள். ஆர்-134ஏ கசிந்தால் கார்பன் டைஆக்சைடைப் போல 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர்-290 என்பது புரொப்பேன், அந்தத் தொல்லை மிகக் குறைவு, ஆனால் எரியும் வாயு என்பதால் பொருத்தும் இடத்துக்கு விதிகள் உண்டு. கார்பன் டைஆக்சைடையே பயன்படுத்தும் வகையும் இருக்கிறது, ஜப்பானில் 2001 முதல் எக்கோக்யூட் என்ற பெயரில் விற்கிறது. அதில் கம்ப்ரசர் வெளியே, டாங்க் தனியே என்பதால் உங்கள் சின்ன அறைப் பிரச்சினையும் தீரும், சத்தமும் வெளியே போகும். வெளியே இடம் இருந்தால் இந்தப் பிரிந்த வகையையும் ஒருமுறை விசாரியுங்கள்.

புதுமனை:
அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, அதனால் 60 டிகிரியும் கலப்பு வால்வும்தான். வாங்கும் முன் தண்ணீர்ச் செலவையும் குழாய் நீரின் வெப்பநிலையையும் அளந்து பார்க்கிறேன். அருகில் ஏசி மெக்கானிக் யாராவது இதைத் தொடுவாரா என்றும் கேட்டுவிட்டுத்தான் முன்பணம். கட்டும்போதே செய்து வைக்க வேண்டியது வேறு ஏதாவது உண்டா?

குழாய்க்காரர்:
அறையில் தரை வடிகால் விடுங்கள். கம்ப்ரசர் ஓடும்போது காற்றின் ஈரம் தண்ணீராகச் சொட்டிக்கொண்டே இருக்கும், அதற்குச் சரிவோடு ஒரு குழாய் வேண்டும். டாங்கில் அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் பிரஷர் ரிலீஃப் வால்வின் குழாயும் அங்கேயே இறங்கட்டும், அதை எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள். வெந்நீர்க் குழாய் முழுக்க இன்சுலேஷன் சுற்றிவிட்டுப் பூசச் சொல்லுங்கள், பூசிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது. தூரத்துக் குளியலறை 12 மீட்டருக்கு மேல் போனால் அங்கே மட்டும் பழைய சின்ன கீசரையே விடுங்கள், இதை மின்கணக்கு ஏற்க மாட்டார், ஆனாலும் சொல்கிறேன். டாங்குக்கு மேலே ஆனோடு கம்பியை உருவி எடுக்கும் அளவுக்கு உயரம் விடுங்கள். அந்தக் கம்பி கரைந்துதான் டாங்க் துருப்பிடிக்காமல் நிற்கிறது, உப்பு அதிகமான தண்ணீரில் சீக்கிரம் கரையும். வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுவிட்டுத்தான் சுவிட்ச் போட வேண்டும், கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்க நேரம் வேண்டும்.

மின்கணக்கு:
அந்தச் சின்ன கீசரை ஏற்காமல் இல்லை. அதற்கு டைமர் போடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.