தடயவியல் உளவியல் முதுகலையை இணையவழியில் படிக்கலாமா?

கோத்தகிரி வாசகி: வணக்கம். உளவியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். தேயிலை பறிக்கும் அம்மாவைத் தனியே விட்டுச் செல்ல மனமில்லாததால், குற்றம், நீதிமன்றம், சிறை சார்ந்த உளவியலான தடயவியல் உளவியலை இணையவழியில் படிக்க விரும்புகிறேன். தோட்டச் சாலையின் வளைவில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கிறது என்றாலும் சமாளித்துவிடுவேன். அந்தப் பட்டம் செல்லுமா?

குன்னூர் ஆசிரியர்: அவசரப்பட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள், அம்மா. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தக் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்திருக்கிறது.

உதகை வழக்கறிஞர்: பிரிட்டனில் ‘தடயவியல் உளவியலாளர்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர், முதுகலைக்குப் பின் மேற்பார்வையில் பயிற்சி பெற்று, முறைப்படி பதிவு செய்தவரே அதைப் பயன்படுத்தலாம். கைதியின் எதிரே அமர்ந்து பொறுமையாகக் கேட்கும் பயிற்சியே இத்துறையின் உயிர் என்பேன். ஒருவரின் ஒப்புதலின்றி நார்கோ சோதனை (மருந்து செலுத்தி அரைமயக்கத்தில் விசாரிப்பது) செய்யக் கூடாதென்ற உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பையும் அவசியம் படியுங்கள்.

கோத்தகிரி வாசகி: மிக்க நன்றி, ஐயா. கோவையில் நேரடி வகுப்புகளை விசாரிக்கிறேன்.