பால்கனியில் கரி அடுப்பு: எங்கள் குடியிருப்புக்கு என்ன விதி வைக்கலாம்?

வணக்கம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் அடுக்குமாடியில் இருக்கிறோம். மேல்வீட்டுத் தம்பி ஞாயிறுதோறும் பால்கனியில் கரி மூட்டி மீன் சுடுகிறார். போன வாரம் கடல்காற்றில் பறந்த பொறி, எங்கள் கொடியில் காய்ந்த வேட்டியில் ஓட்டை போட்டுவிட்டது. உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். இன்னும் மனசு ஆறவில்லை.

மழை வந்தால் கனலோடு அடுப்பை வீட்டுக்குள் எடுத்துப் போகிறார். அதுதான் பெரிய பயம். கனலும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

அமெரிக்காவில் பல ஊர்களின் தீ விதிப்படி, அடுக்குமாடிகளில் எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள் பொதுவாகக் கரி அடுப்பு கூடாது. நம் கட்டடம் கான்கிரீட்தான், சரி. ஆனால் துணியும் பிளாஸ்டிக் தட்டியும் எரியுமே?

மொட்டை மாடியில், தண்ணீர் வாளியும் மணலும் பக்கத்தில் வைத்துச் சுடச் சொல்லலாமா? உங்கள் குடியிருப்பில் இப்படி விதி இருந்தால் அந்த வாசகத்தை அனுப்புங்கள். நல்ல பிள்ளை அவர், சண்டையில்லாமல் பேச வேண்டும்.