மாலத்தீவுப் பயணம்: கணக்கு எங்கே உதைக்கும்?

பயண ஏற்பாட்டாளர்:
"சின்ன நாடுதானே" என்று வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போடாதீர்கள். நிலப்பரப்பு 300 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அது 1,190 தீவுகளாக, வடக்கிலிருந்து தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் சிதறிக் கிடக்கிறது. மக்கள் குடியிருப்பது 200-க்கும் குறைவான தீவுகளில். அதனால் விமானச் சீட்டு எடுக்கும் முன்பே, தலைநகர் மாலே அருகிலுள்ள வேலானா விமான நிலையத்தில் இறங்கியபின் தீவுக்கு எப்படிப் போவது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். பிற்பகல் மூன்றரைக்கு மேல் இறங்குபவர்களுக்கு அன்றைக்கு அது கிடைக்காமல் போகலாம். அப்படியானால் விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தீவான ஹுல்ஹுமாலேயில் ஓர் இரவு அறை வாடகை கூடுதல் செலவு. கடல் விமானத்தில் சுமை வரம்பு வழக்கமாகப் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. வந்த விமானத்தில் 30 கிலோ விட்டார்கள் என்ற வாதம் அங்கே எடுபடாது.

படகுப் போக்குவரத்து தெரிந்தவர்:
மேலே சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாலே நேரம் நமக்கு அரை மணி பின்னால். சில ரிசார்ட்டுகளோ வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி முன்னால் வைத்திருக்கும். படகு நேரம் சொன்னால் "மாலே நேரமா, ரிசார்ட் நேரமா?" என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. வெள்ளிக்கிழமை பல பொதுப் படகுகள் ஓடாது, ஜும்ஆ நேரத்தில் கடைகளும் மூடியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடல் கொந்தளித்தால் விரைவுப் படகு நின்றுவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே மாலே பக்கம் வந்துவிடுவதுதான் புத்தி.

கணக்காளர்:
பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைபவர்கள் அதிகம். 100 டாலர் என்று போட்டிருந்தால் முதலில் 10% சேவைக் கட்டணம், ஆக 110. அந்த 110-க்குத்தான் சுற்றுலா ஜி.எஸ்.டி. 2025 ஜூலையிலிருந்து அது 17%. கையிலிருந்து போவது 128.70 டாலர். பசுமை வரி தனி: ஆளுக்கு ஓர் இரவுக்கு ரிசார்ட்டில் 12 டாலர், சிறிய விருந்தினர் இல்லங்களில் 6. "எல்லா வரியும் சேர்த்தா?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்நாட்டு நாணயமான ரூஃபியாவை அளவாக மாற்றுங்கள், மிஞ்சியதைத் திரும்ப டாலராக்குவது லேசான வேலை இல்லை.

பயண ஏற்பாட்டாளர்:
இன்னொன்று. இமுகா என்ற இணையவழிப் பயணி அறிவிப்புப் படிவத்தைப் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும், வரும்போதும் போகும்போதும். அரசுத் தளத்தில் அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. மதுபாட்டில், பன்றி இறைச்சி, வழிபாட்டுக்கான சிலை எதையும் கொண்டு போகக்கூடாது. பயணப்பையிலேயே சின்னப் பிள்ளையாரை வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் எடுத்து வைத்துவிடுங்கள். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் மது கிடையாது. நீச்சலுடையில் குளிக்கத் தனிக் கரை ஒதுக்கியிருப்பார்கள், அதைத் தாண்டி வந்தால் உடல் மறைய உடுத்துங்கள். அது அவர்கள் வீட்டு வாசல்.

மாசி வியாபாரி:
வாங்கி வர ஒரு பொருள் சொல்கிறேன். மாசி. தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடித்த சூரை மீனைத் தலை, குடல் நீக்கி நான்காகப் பிளந்து, உப்பு நீரில் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் மரக்கட்டை மாதிரி ஆகும் வரை காயவைப்பார்கள். இலங்கைச் சமையலறையில் சம்பலுக்கு இடிப்பது இதைத்தான். இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள்: 'டக்' என்று கெட்டியாகக் கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் உள்ளே ஈரம் நிற்கிறது, சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். உடைத்த இடம் கருஞ்சிவப்பாக, கண்ணாடிபோல் மினுங்க வேண்டும். தூளாக வாங்காதீர்கள், மணம் போய்விடும். கட்டியாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வைத்து, வேண்டும்போது இடித்துக்கொள்ளுங்கள்.