1500டி-யும் கிட் லென்ஸும் இருக்கிறது, அடுத்து முதலில் எதை வாங்குவது?

வாசல்படி:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது கேனான் 1500டி, அதனோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், அவ்வளவுதான். கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன், ஆனால் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும், அடுத்ததற்குப் பல மாதம் ஆகும். மனதில் இருப்பவை: 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், டிரைபாட், சிபிஎல் ஃபில்டர் (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன்னால் மாட்டுவது), இல்லாவிட்டால் பவரை நாமே வைக்க வேண்டிய ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷ் (கேனான் ஃபிளாஷ் எனக்கு எட்டாத விலை). எடுப்பது பெரும்பாலும் குழந்தைகளைத்தான், வீட்டுக்குள், இருட்டிய பிறகு, டியூப்லைட் வெளிச்சத்தில். எப்போதாவது வெளியே போனால் அருவி, மலை. வெளியே எடுத்தவை பரவாயில்லை. வீட்டுக்குள் எடுப்பதுதான் ஒன்று கலங்கி வருகிறது, இல்லையென்றால் மணல் தூவியது மாதிரி புள்ளி புள்ளியாக வருகிறது. வீடியோக்களில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நீங்கள் என்றால் எதை முதலில் வாங்குவீர்கள்?

ஐந்தாம்பிறை:
யோசிக்கவே வேண்டாம், 50 எஃப் 1.8. உங்கள் கிட் லென்ஸ் 55-க்கு ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிகம் திறக்கும்). 1.8 அதைவிடக் கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அதாவது இப்போது 1/15 நொடியில் எடுப்பதை அதே ஐஎஸ்ஓ-வில் (ஒளி உணர்வு அளவு, ஏற்றினால் புள்ளிகளும் கூடும்) 1/125-க்கும் மேலே எடுக்கலாம். குழந்தை ஓடினாலும் ஓரளவு நிற்கும். கிட் லென்ஸில் ஐஎஸ் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சமாளிக்கும், எதிரில் ஆடுகிறவரை அதனால் நிறுத்த முடியாது. கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வெறும் 160 கிராம் எடைதான், பையில் இருப்பதே தெரியாது.

மூன்றுகால்:
டிரைபாட் வாங்குங்கள். லென்ஸ் இன்று ஒன்று வரும், நாளை வேறு வரும், பாடியையே மாற்றினாலும் நல்ல டிரைபாட் கூடவே இருக்கும். அருவி என்கிறீர்கள், அரை நொடி, ஒரு நொடி திறந்து வைத்தால்தான் தண்ணீர் பட்டுப்போல வரும், அதைக் கையில் பிடித்து எடுப்பது ரொம்பக் கஷ்டம். ஆனால் சும்மா ஆடுகிற பிளாஸ்டிக் டிரைபாட் வேண்டாம், நடுத்தண்டை உயர்த்தாமலே கண் மட்டத்துக்கு வருகிற உயரத்தில் பாருங்கள்.

நிழல்விரும்பி:
மூன்றுகால் சார், கேமராவை டிரைபாடில் பூட்டிவிடலாம், குழந்தையை எதில் பூட்டுவது? அவர் கேட்பதே வீட்டுக்குள் எடுப்பதைப் பற்றி.

ஐந்தாம்பிறை சொல்வது கணக்குப்படி சரி, ஆனால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 50-ஐச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1500டி-யின் சென்சார் அகலம் 22.3 மி.மீ. அதில் 50 மாட்டி 2 மீட்டர் தள்ளி நின்றால் ஃபிரேமுக்குள் வருவது ஒரு மீட்டர் அகலம்கூட இல்லை, சுமார் 90 செ.மீ. சின்ன அறையில் ஒரு முகம், ஒரு தோள், முடிந்தது. குழந்தைகள் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்து விளையாடுவதை எடுக்க வேண்டுமென்றால் முதுகு சுவரில் முட்டும். அப்புறம் அந்த 2 மீட்டரில் எஃப் 1.8 வைத்தால் ஃபோகஸில் இருக்கும் ஆழம் 10, 11 செ.மீ.தான், ஒருவன் ஒரு முழம் பின்னால் இருந்தாலே கலங்கிவிடுவான். அப்போது எஃப் 4-க்குப் போவீர்கள், போனால் வாங்கிய வெளிச்சத்தில் பெரும்பகுதி திரும்பப் போய்விடும்.

அதனால் வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குள் எடுத்து, சரியாக வராமல் போன படங்களை மட்டும் கணினியில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை மி.மீ.-இல், எந்த ஷட்டர் வேகத்தில், எந்த ஐஎஸ்ஓ-வில் எடுத்தது என்று பாருங்கள், எல்லாமே ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்கும். பெரும்பாலும் 45-க்கு மேலே என்றால் 50 வாங்கலாம், நானே சொல்வேன். 18 பக்கம் என்றால் அது உங்களுக்கான லென்ஸ் இல்லை.

சிபிஎல் இப்போதைக்கு வேண்டாம். ஈரப்பாறையின் பளபளப்பை அடக்குவதற்கு அதற்கு மாற்று கிடையாது, எடிட்டிங்கிலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு ஸ்டாப் தின்றுவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). வீட்டுக்குள் உங்களிடம் இல்லாததே வெளிச்சம்தான்.

வாசல்படி:
நன்றி நிழல்விரும்பி, உட்கார்ந்து பார்த்துவிட்டேன். பாதிக்கு மேல் 18-லிருந்து 24-க்குள்தான் இருக்கிறது, 50-ஐத் தொட்டவை குறைவு. ஷட்டர் 1/20, 1/30, ஐஎஸ்ஓ 3200 அல்லது 6400. அப்படியென்றால் 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் சரியாக இருக்குமா? அதுவும் சின்னதாக, அழகாக இருக்கிறது.

நிழல்விரும்பி:
அழகான லென்ஸ்தான், ஆனால் உங்கள் சிக்கலுக்குப் போதாது. கிட் லென்ஸ் 24-இல் கிட்டத்தட்ட எஃப் 4 திறக்கும், 2.8 என்றால் கூடுதலாக ஒரு ஸ்டாப், அவ்வளவே. 1/30 இருந்த இடத்தில் 1/60 வரும். ஓடுகிற குழந்தைக்கு 1/60 எந்த மூலைக்கு? உங்களுக்கு ஃபிளாஷ்தான். நேராக முகத்தில் அடிக்காமல் ஃபிளாஷின் தலையைக் கூரைப் பக்கம் திருப்பி அடித்தால், கூரையே பெரிய விளக்காகிவிடும், நிழலும் மென்மையாக விழும். கூரை வெள்ளையாகவும் அதிக உயரம் இல்லாமலும் இருக்க வேண்டும். பச்சையோ மஞ்சளோ அடித்திருந்தால் அந்த நிறம் முகத்தில் ஏறும். கிட் லென்ஸை எஃப் 5.6-இல் வைத்துக்கொண்டே ஐஎஸ்ஓ 400, 800-இல் எடுக்கலாம். ஷட்டர் 1/200-க்கு மேல் போகக் கூடாது, ஆனால் அசைவை நிறுத்துவது அங்கே ஷட்டர் இல்லை, ஃபிளாஷ் மின்னும் நேரம்தான். பவரைக் குறைக்கக் குறைக்க அந்த நேரமும் சுருங்கும்.

குமிழ்விளக்கு:
ஒரு நிமிடம், ஃபிளாஷ் என்றதும் ஓடிப்போய் வாங்கிவிடாதீர்கள். 1500டி-யின் மேலே ஃபிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவைப் பாருங்கள், நடுவில் இருக்க வேண்டிய பெரிய பின் இருக்காது. கேனான் இந்த மாடலிலும் 3000டி, 200டி இரண்டாம் பதிப்பிலும் அதை எடுத்துவிட்டது. மலிவான மேனுவல் ஃபிளாஷ்கள் எரிய அந்த ஒற்றைப் பின்னைத்தான் நம்பியிருக்கின்றன, மேலே மாட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, கேனானுக்கென்றே வரும் டிடிஎல் ஃபிளாஷ் (கேமரா அளவெடுத்துப் பவரைத் தானே வைப்பது), வேறு கம்பெனிகளிலும் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் இந்த பாடியில் எரிகிறதா என்று உறுதிசெய்துகொண்டே வாங்க வேண்டும். இன்னொன்று, கேமராவின் சொந்தக் குட்டி ஃபிளாஷைத் திறந்து, மெனுவில் அதன் பவரைக் குறைத்து, வெளி ஃபிளாஷை எஸ்2 என்ற ஸ்லேவ் மோடில் போட்டு அலமாரி மேல் கூரையைப் பார்த்து வைப்பது. குட்டி ஃபிளாஷ் மின்னுவதைப் பார்த்து அது தானாக மின்னும். எஸ்1 போடாதீர்கள், கேனான் முதலில் அளவெடுக்க ஒருமுறை மின்னுமே, அதிலேயே எரிந்துவிடும். எஸ்2 அதைக் கண்டுகொள்ளாது. பல மேனுவல் ஃபிளாஷ்களில் இந்த வசதி இருக்கிறது, கோடாக்ஸ் டிடி600-இல் இருக்கிறது.

நல்ல ரீசார்ஜ் பேட்டரி நான்கும் சார்ஜரும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், அதை மறந்துவிட்டு பட்ஜெட் போடுவார்கள்.

மூன்றுகால்:
சரி, வீட்டுக்குள் ஃபிளாஷ், ஒத்துக்கொள்கிறேன். அருவிக்கு என்ன செய்வார்?

நிழல்விரும்பி:
எப்போதாவது போகிற அருவிக்குப் பாறை மேல் பையை வைத்து, அதன் மேல் கேமராவை வைத்து, 2 நொடி டைமர் போட்டால் போதும். உயரமும் கோணமும் பாறை சொல்கிறபடிதான் இருக்கும், அது உண்மை. அந்தக் குறை தாங்க முடியாமல் போகும்போது உங்கள் டிரைபாடை வாங்கட்டும்.

வாசல்படி:
பின் விஷயம் தெரியாமலே வாங்கியிருப்பேன், நன்றி குமிழ்விளக்கு. நடுவில் வெறுமையாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். கூரை வெள்ளை. விளையாடும்போது ஃபிளாஷை அலமாரி மேல் வைத்தால் எனக்குப் பரவாயில்லை, எஸ்2 வழியிலேயே போகிறேன். ஃபிளாஷின் எந்தப் பக்கம் கேமராவைப் பார்க்க வேண்டும்?

குமிழ்விளக்கு:
முன்பக்கம் கீழே சிவப்புக் கண்ணாடி மாதிரி ஒரு பகுதி இருக்கும், சென்சார் அதற்குப் பின்னால்தான். அந்தப் பக்கம் கேமராவைப் பார்க்கட்டும், தலை மட்டும் கூரையைப் பார்க்கட்டும். நல்ல வெயிலில் இது சில சமயம் ஏமாற்றும், அறைக்குள் தொல்லை இருக்காது. வாங்கப் போகும்போது கேமராவை எடுத்துக்கொண்டு போய், அங்கேயே எஸ்2-இல் போட்டு பத்துப் பதினைந்து முறை அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.