பக்கத்து மனையில் கட்டட வேலை: யாரிடம் புகார் கொடுப்பது?

வணக்கம். வேளச்சேரியில் எங்கள் வீட்டை ஒட்டி அடுக்குமாடி எழும்புகிறது. பச்சை வலை கட்டவில்லை; எம்-சாண்ட் குவியல் தெருவோரம் திறந்தே கிடக்கிறது. கொடியில் காயும் துணியெல்லாம் மாவு பூசினாற்போல் ஆகிவிடுகிறது. அப்பாவுக்கு வீசிங் வேறு. டைல்ஸ் அறுக்கும்போது தண்ணீர் விட்டாலே தூசி பெரும்பாலும் அடங்கும், அதற்கும் மனமில்லை. அதையும் ராத்திரி 11 மணிக்கு அறுக்கிறார்கள்!

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. மேஸ்திரியிடம் சொன்னால், "ஓனர்கிட்ட பேசிக்கோங்க சார்" என்கிறார். ஓனர் போனையே எடுப்பதில்லை.

மாநகராட்சியா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, காவல் நிலையமா, முதலில் எங்கே போவது? எழுதிக் கொடுத்து வேலை நடந்தவர்கள் இருந்தால், போட்டோ, வீடியோ தவிர வேறென்ன இணைத்தீர்கள் என்று சொல்லுங்களேன்.