குளோபல் பீரியடில் வாங்கிய அடிகள்

நைட்ஷிப்ட்:
அமெரிக்க சர்ஜரி சார்ட்டுகளுக்குக் கோடிங் போட, அதாவது இன்ஷூரன்ஸில் பணம் கேட்க ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போட, வந்து நாலாவது மாசம். மெடிகேர் (அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீடு) பேஷன்ட், வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன், கோட் 66984. மூணு வாரம் கழித்து அதே டாக்டர் இடது கண்ணையும் முடித்திருந்தார். 66984-க்கு 90 நாள் குளோபல், அதாவது ஆபரேஷன் கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கிவிடும் காலம், என்று மனப்பாடம். "மறுபடி தியேட்டருக்குப் போயிருக்காங்க, அப்போ மாடிஃபையர் 78" என்று (மாடிஃபையர் என்றால் கோடோடு ஒட்டும் துணைக் குறி) போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன்.

ஆடிட்டில் மாட்டியது. எங்கள் டிஎல் (டீம் லீடர்) அக்கா திட்டவில்லை. "அந்தக் கண்ணுக்கும் இந்தக் கண்ணுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று மட்டும் கேட்டார். முதல் ஆபரேஷனில் சிக்கல் வந்து, திட்டமில்லாமல் திரும்பத் தியேட்டருக்குப் போனால்தான் 78. அதற்கு ஆபரேஷன் பங்குக்கு மட்டும்தான் பணம். முன், பின் கவனிப்புக்குக் கிடையாது. இங்கே சம்பந்தமில்லாத ஆபரேஷனுக்கான 79, கூடவே இடது கண்ணுக்கான எல்டி. கிளெயிம் போயிருந்தால் டினையல்கூட (பணம் தர மறுப்பு) வந்திருக்காது, காசு குறைந்து வந்திருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

கோவைப்பொண்ணு:
எனக்கு மாடிஃபையர் 24-இல் விழுந்த அடி. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்த பேஷன்ட், 47562. பன்னிரண்டாம் நாள் தையல் போட்ட இடத்தில் சீழ். சர்ஜன் கிளினிக்கிலேயே பிரித்துச் சுத்தம் செய்து, பெரிய நோட் எழுதியிருந்தார். இவ்வளவு வேலைக்குச் சும்மாவா விடுவது என்று விசிட் கோடோடு 24 போட்டேன். 24 சம்பந்தமில்லாத பிரச்சினைக்கு. இதுவோ அதே காயம். சிக்கலே ஆனாலும் தியேட்டருக்குப் போகாதவரை மெடிகேர் கணக்கில் அது ஆபரேஷன் கட்டணப் பேக்கேஜுக்குள்தான். எண்டோஸ்கோப்பி ரூமைத் தியேட்டராக எடுத்துக்கொள்வார்கள். வார்டு, ரெகவரி ரூம் எடுபடாது.

ஆனால் இந்தக் கோடுகளைத் தரும் சிபிடி புத்தகம் வழக்கமான பின்கவனிப்பை மட்டும்தான் பேக்கேஜில் சேர்க்கிறது. அதைப் பின்பற்றும் தனியார் இன்ஷூரன்ஸ் என்றால் இதே விசிட்டுக்குப் பணம் கேட்கலாம். அதனால் இப்போதெல்லாம் சார்ட் திறந்ததும் முதலில் பேயர் (பணம் தரும் இன்ஷூரன்ஸ்) யார் என்றுதான் பார்ப்பேன்.

பழையகோடர்:
தம்பி, தங்கச்சி ரெண்டு பேரும் மாடிஃபையரில் விழுந்தீர்கள், நான் எண்ணிக்கையில் விழுந்தவன். ஜூலை 10 ஆபரேஷன். மூணு மாசம்தானே என்று, அக்டோபர் 9-ஆம் தேதி விசிட்டை 99024 (பேக்கேஜுக்குள் அடங்கும் பின்கவனிப்பு விசிட்) போட்டு இலவசமாக்கிவிட்டேன். ஆபரேஷனுக்கு மறுநாளை ஒன்று என்று வைத்து எண்ணுங்கள், அக்டோபர் 8-ஓடு 90 முடிகிறது. முந்தின நாளும் ஆபரேஷன் நாளும் சேர்த்து மொத்தம் 92. 10 நாள் குளோபல் உள்ள சின்ன ப்ரொசீஜருக்கு முந்தின நாள் கிடையாது, அதனால் மொத்தம் 11.

இன்னொன்று, ஃபாலோ-அப் பார்த்தது வேறு டாக்டர் என்று ஏமாறாதீர்கள். ஒரே குரூப், ஒரே ஸ்பெஷாலிட்டி என்றால் மெடிகேருக்கு இருவரும் ஒருவர்தான்.

நைட்ஷிப்ட்:
அண்ணா, 79 போட்டால் 90 நாள் முதலிலிருந்தா?

பழையகோடர்:
ஆமாம்பா, புதுசாக ஆரம்பிக்கும். முன்கூட்டித் திட்டமிட்ட அடுத்த கட்ட ஆபரேஷன், 58, அதற்கும் அப்படியே. 78-க்கு மட்டும் பழைய கணக்கே ஓடும்.