புரியாணிக்கு 30 முட்டை: கோது ஒட்டாமல் உரிப்பது எப்படி?

வெள்ளவத்தை வாசி:
ஞாயிறு புரியாணிக்கு 30 முட்டை அவிக்க வேணும். உரிக்கும்போது கோதோடு வெள்ளைக்கருவும் பிய்ந்து, முட்டை அம்மைத் தழும்பு முகம் மாதிரி ஆகிறது. பச்சைத்தண்ணியில் போட்டு, உப்பும் சேர்த்துத்தான் அவிக்கிறது. முட்டை பண்ணையிலிருந்து அன்றன்றைக்கு வருவது. எங்கே பிழை?

அடுப்படி:
அன்றன்றைக்கு வருவதுதான் முதல் பிழை. புது முட்டையின் வெள்ளைக்கருவில் காரத்தன்மை குறைவு, பிஎச் 8க்குக் கிட்ட. கோதின் நுண்துளைகளால் காபனீரொட்சைட்டு வெளியேற வெளியேற அது 9ஐத் தாண்டும். அதுவரை வெள்ளைக்கரு உட்சவ்வை விடாது. ஒரு கிழமை முன்னமே வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கோ.

அடுத்தது பச்சைத்தண்ணி. மெல்ல மெல்லச் சூடேறினால் வெள்ளைக்கரு சவ்வோடு சேர்ந்தே இறுகும். கொதிதண்ணியில் அகப்பையால் இறக்கினால் வெளிப்பக்கம் சட்டென இறுகிச் சவ்வை விட்டு விலகும். இறக்கியதும் தீயைக் குறையுங்கோ, 11 – 12 நிமிடம். முப்பதையும் ஒன்றாய்ப் போட்டால் கொதி அடங்கிப் போகும். பத்துப் பத்தாய் அவியுங்கோ.

இடியப்பச்சட்டி:
30 முட்டைக்கு ஆவிதான் என் கட்சி. இடியப்பம் அவிக்கிற சட்டியில் இரண்டு விரற்கடை தண்ணி, நன்றாக ஆவி வந்த பிறகு தட்டில் ஒரே அடுக்காக முட்டை, மூடி 13 நிமிடம். ஒன்றோடொன்று முட்டி வெடிக்கிற கரைச்சலும் குறைவு.

எடுத்ததும் ஐஸ் போட்ட தண்ணியில் 10 நிமிடமாவது கிடக்கட்டும். கொழும்புக் குழாய்த் தண்ணி வெதுவெதுப்பு, அது மட்டும் போதாது. சூடு உள்ளேயே நின்றால் மஞ்சட்கருவைச் சுற்றிப் பச்சை வளையமும் வரும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சட்கருவின் இரும்பும் சேர்கிற வேலை அது.

உரிக்கும்போது அகன்ற பக்கத்தைத் தட்டுங்க, காற்றறை அங்கேதான். பிறகு பலகையில் மெல்ல உருட்டினால் கோது முழுக்க நொறுங்கும். பெருவிரலின் சதைப்பக்கத்தைச் சவ்வுக்குக் *கீழே* விட்டு, பேசின் தண்ணிக்குள் வைத்தே உரியுங்க. நகம் வேண்டாம். சவ்வு மேலேயே நின்றால் எந்த வித்தையும் பலிக்காது.

வெள்ளவத்தை வாசி:
உப்பு, வினாகிரி, அப்பச்சோடா?

அடுப்படி:
உப்பும் வினாகிரியும் கோது வெடித்தால் கசிகிற வெள்ளைக்கருவை உடனே உறைய வைக்கும், அவ்வளவுதான். அப்பச்சோடா லீற்றருக்கு அரைத் தேக்கரண்டி போட்டால் புது முட்டைக்குக் கொஞ்சம் உதவலாம்; கூடினால் மணம் மாறும். முட்டைக் குழம்பென்றால் இவ்வளவு பாடே வேண்டாம், பிய்ந்த இடத்தில்தான் குழம்பு நன்றாக இறங்கும்.

இடியப்பச்சட்டி:
புரியாணிக்கு மஞ்சள் பூசிப் பொரிக்கிறதென்றால் முன்னமே ஈரத்தைத் துடைத்து, முள்ளுக்கரண்டியால் நாலு இடம் குத்திவிடுங்க. இல்லாட்டி எண்ணெயில் வெடிக்கும்.